வாரம் ஒரு கோப்பைக் காசு!

இங்கிலாந்தின் வடகிழக்கே டார்லிங்டன் என்றோர் ஊர். இரயில் வரலாறு படித்தோர் அதன் பெயரை அறிவர். 1825 செப்டம்பர் 27-ஆம் நாள், பொதுமக்களுக்கென அமைந்த பாதையிலே நீராவி இஞ்சின் முதன் முதலாக மக்களை இழுத்துச் சென்றது ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில்தான். அதே ஊரில், 1853-இல் கட்டப்பட்ட பழைய வண்டிப் பட்டறை ஒன்றுக்குள்ளே, 2008 ஜனவரியில் ஒரு மூதாட்டி புத்தம் புதிய நீராவி இஞ்சின் ஒன்றின் நெருப்புப் பெட்டியில் தீ மூட்டினார். அவர் பெயர் டோரதி மாதர். அந்த இஞ்சின் வகையை வரைந்தளித்த ஆர்தர் பெப்பர்கார்ன் என்ற பொறியியலாளரின் மனைவியாக இருந்தவர். கணவர் மறைந்தது 1951-இல். அவர் வரைந்த இஞ்சின்களில் கடைசி ஒன்றும் 1966-இல் உடைத்து இரும்புக் கடைக்குப் போயிற்று. 42 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வரைபடத்தில் பிறந்த இஞ்சினுக்கு அவர் கையாலேயே நெருப்பு!

இதை எந்தக் கோடீசுவரன் செய்தான் என்று கேட்பீர்கள். எந்த சர்க்கார் பணம் ஒதுக்கிற்று என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. ஆசிரியரும், குமாஸ்தாவும், ஓய்வு பெற்ற பிட்டரும், இரயில் ஓட்டியவரும், இரயிலை வேடிக்கை பார்த்து வளர்ந்தவரும் கூடி, வாரந்தோறும் ஒரு கோப்பை பீரின் விலையை எடுத்து வைத்துச் செய்தார்கள். அந்த இஞ்சினின் எண் 60163. பெயர் ‘டொர்னாடோ’. 1990-இல் நினைத்ததை 2008-இல் முடித்தார்கள். 18 ஆண்டுகள்!

இந்தச் செய்தியை நாம் வேடிக்கைக்காக எழுதவில்லை. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒன்றல்ல, பல. சில இனிக்கும், ஒன்றிரண்டு கசக்கவும் செய்யும்.

49-உம் போயின

முதலில் கதையைக் கேளுங்கள்.

பிரிட்டனின் இரயில் பாதைகள் 1948 ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையாயின. அதற்கு முன்பே கிழக்குக் கரைப் பாதையை நடத்திய கம்பெனி, இலண்டனிலிருந்து வடக்கே யார்க், நியூகாசில், எடின்பரோ நகரங்களுக்குக் கனத்த வண்டிகளை இழுக்க வலுவான இஞ்சின்கள் வேண்டுமென்று பெப்பர்கார்னின் ‘ஏ1’ வகைக்கு ஆணை கொடுத்திருந்தது. கம்பெனி மறைந்தது, ஆணை நின்றது. 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 49 இஞ்சின்கள் வெளிவந்தன. 26 டான்காஸ்டர் தொழிற்சாலையில். 23 டார்லிங்டன் தொழிற்சாலையில்.

போர் முடிந்த காலம். நல்ல கரி கிடைக்கவில்லை. பட்டறைகளில் ஆள் பற்றாக்குறை. கிடைத்த கரியை எரித்து, அடிக்கடி பழுது கேட்காமல் ஓட வேண்டும் - இதுவே அந்த இஞ்சினுக்கு இடப்பட்ட கட்டளை. 50 சதுர அடி நெருப்புத் தட்டு, மூன்று சிலிண்டர், 6 அடி 8 அங்குல உயரமுள்ள ஓட்டு சக்கரங்கள். நல்ல உயரமான ஆளும் பக்கத்தில் நின்றால் சக்கரத்தின் தலையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவற்றில் ஐந்து இஞ்சின்களுக்கு உருளைத் தாங்கிகள் பொருத்தினார்கள். பட்டறைக்கே போக மனமில்லாதவை போல அவை ஓடின.

ஆனால் காலம் மாறிற்று. 1955-இல் நவீனமாக்கும் திட்டம் வந்தது. டீசலும் மின்சாரமும் வந்தன. 1960 மார்ச்சில் ஸ்விண்டனில் ‘ஈவினிங் ஸ்டார்’ என்ற இஞ்சின் பிறந்தது. பிரிட்டிஷ் இரயில்வே தனக்கெனக் கட்டிய கடைசி நீராவி இஞ்சின் அதுதான். ‘ஏ1’ இஞ்சின்கள் ஒவ்வொன்றாக வேலை இழந்தன. 15 வயதில் ஓய்வு! இரும்புக்கு அது இளமை. கடைசியாக நின்றது ‘செயின்ட் மங்கோ’ என்னும் 60145. அதைக் காப்பாற்ற ஒருவர் முயன்றார், முடியவில்லை. 1966-இல் அதுவும் போயிற்று. அதே 1966-இல் டார்லிங்டன் தொழிற்சாலையின் கதவும் மூடிற்று. இஞ்சினும் போயிற்று, இஞ்சின் செய்த கையும் வேலையற்றுப் போயிற்று.

பழைய இரும்பு போனால் போகட்டும். அதற்காகக் கண்ணீர் விடுவோர் கூட்டத்தில் நாமில்லை. ஆனால் அந்தக் கைகள்? 10 வயதில் பட்டறைத் தெருவில் விளையாடி, 15 வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, செம்பும் எஃகும் எந்தச் சூட்டில் எப்படி வளையும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்த மனிதர்களை ஒரே நாளில் ‘தேவையில்லை’ என்று அனுப்பிய கணக்கு இருக்கிறதே, அது எந்த ஏட்டில் எழுதப்பட்டது? எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தக் கணக்கின் பலன் பின்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் போகிறோம்.

பிடி அரிசி போல

1990-இல் சிலர் கூடினார்கள். ‘49 போயிற்று, 50-ஆவதை நாமே செய்தால் என்ன?’ என்றார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. பழைய இஞ்சினை வாங்கித் துரு துடைத்து ஓட்டுவது வேறு. அந்த வேலையில் பிரிட்டன் மக்கள் கைதேர்ந்தவர்கள். 1951-இல் வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்ற சிறு பாதை மூடப்படும் நிலையில் இருந்தபோது, எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் தொண்டர் சங்கம் அமைத்து அதை ஏற்று நடத்தினார்கள். உலகிலேயே தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய முதல் இரயில் பாதை அதுதான். அதைப் பார்த்து நாடெங்கும் அத்தகைய பாதைகள் எழுந்தன. ஆனால் இல்லாத இஞ்சினை முதல் ஆணியிலிருந்து கட்டுவதென்றால்? தொழிற்சாலை இல்லை. அச்சு இல்லை. பணம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: வரைபடம். யார்க் நகரத் தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தில் அவற்றில் பெரும்பகுதி பத்திரமாகக் கிடந்தது.

அறக்கட்டளை அமைத்தார்கள். மக்களிடம் போனார்கள். ‘ஆயிரம் கொடு, பத்தாயிரம் கொடு’ என்று கேட்கவில்லை. ‘வாரம் ஒரு கோப்பை பீரின் விலை - 1 பவுன் 25 பென்ஸ் - கொடு’ என்றார்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்களே, அந்தக் கணக்கு! வீட்டில் எவருக்கும் பசி தெரியாது. மாதக் கடைசியில் பானை நிறைந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 1.25 பவுன் என்றால் ஆண்டுக்கு 65 பவுன். இஞ்சின் கட்டி முடிக்க ஆன செலவு சுமார் 30 இலட்சம் பவுன். பிடி அரிசியால் மட்டும் அந்தப் பானையை நிரப்புவதென்றால், ஏறத்தாழ 2,500 பேர் 18 ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் கொடுத்தாக வேண்டும். அது எளிதா? ஆகவே வேறு வழிகளும் கண்டார்கள். ஒரு போல்ட்டை ஒருவர் ஏற்கலாம். ஒரு சக்கரத்தை ஒரு குடும்பம் ஏற்கலாம். ஆலைகள் சில தள்ளுபடி கொடுத்தன. சில தம் செலவிலேயே பாகங்கள் செய்து தந்தன. கொதிகலனுக்குப் பெருந்தொகை வேண்டியிருந்தது. அதற்கு வட்டியோடு திருப்பித் தரும் கடன் பத்திரங்கள் வெளியிட்டுச் சுமார் 5 இலட்சம் பவுன் திரட்டினார்கள். ஆனாலும் மாதா மாதம் தவறாது வந்த சிறு காசுதான் முதுகெலும்பு. பெருந்தனக்காரன் மனம் மாறினால் பணம் நிற்கும். ஆயிரம் பேர் ஒரே நாளில் மனம் மாறுவதில்லை!

1994-இல் லீட்ஸ் நகரில் இஞ்சினின் சட்டங்களுக்கான எஃகுத் தகடு வெட்டப்பட்டது. சக்கரங்கள் ஷெபீல்டில் வார்க்கப்பட்டன. 1997-இல் டார்லிங்டன் பட்டறைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒவ்வொரு பாகமாகச் சேர்ந்தது. பணம் வந்தால் வேலை நடக்கும். பணம் வற்றினால் வேலை நிற்கும். தொடங்கியபோது கறுத்த தலையோடு வந்தவர்கள் நரைத்த தலையோடு வேலை செய்தார்கள். முடிவைப் பார்க்காமல் கண் மூடியோரும் இருந்திருப்பர் அல்லவா? அவர்கள் கொடுத்த காசும் அந்த இரும்பில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘தொண்டர்கள் கட்டினார்கள்’ என்றவுடன், எல்லாவற்றையும் சும்மா கிடைத்த கையால் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வார்ப்படம், பெரிய கடைசல், கொதிகலன் - இவையெல்லாம் ஆலைகளில் கூலி பெற்ற தொழிலாளர் செய்தவை. தொண்டர் செய்தது திட்டமிடல், திரட்டல், பொருத்தல், துடைத்தல், காத்தல். தொண்டு என்ற பெயரைச் சொல்லித் தொழிலாளியின் கூலியை விழுங்கும் வேலை அங்கே நடக்கவில்லை. தொண்டனின் காசு தொழிலாளியின் கூலியாயிற்று. அதுதான் முறை. ‘சேவை மனப்பான்மை’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் சமர்த்தர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கொதிகலன் சொன்ன கசப்பு

நீராவி இஞ்சினின் உயிர் கொதிகலன். ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி. அங்கே எரியும் கரியின் சூடான காற்று, நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்களின் வழியே முன்பக்கம் பாய்கிறது. குழாய்களைச் சுற்றிலும் தண்ணீர். தண்ணீர் கொதித்து ஆவியாகி, சதுர அங்குலத்துக்கு 250 ராத்தல் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த ஆவியைச் சிலிண்டருக்குள் விட்டால் பிஸ்டன் தள்ளப்படும், சக்கரம் சுழலும். படிக்க எளிது. ஆனால் ஒரு பற்றவைப்பில் குறை இருந்தால், அது கொதிகலன் அல்ல, குண்டு!

அவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்து தரத் தகுந்த ஆலை பிரிட்டனில் அகப்படவில்லை. எந்த பிரிட்டன்? உலகத்துக்கே நீராவி இஞ்சின் செய்து விற்ற பிரிட்டன்! இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாக இஞ்சின் அனுப்பிய பிரிட்டன்! 200 ஆண்டுப் பெருமை பேசும் டார்லிங்டன், கடைசியில் கொதிகலனுக்காக ஜெர்மனியிலுள்ள மைனிங்கன் என்ற ஊருக்குப் போயிற்று. 2006-இல் அங்கிருந்து கொதிகலன் வந்து சேர்ந்தது.

மைனிங்கனில் மட்டும் அந்தத் திறமை எப்படித் தங்கிற்று? அந்த ஊர் அந்நாளைய கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கே நீராவி இஞ்சின்கள் 1980-கள் வரை அன்றாட வேலையில் ஓடின. ஓடிய இஞ்சினுக்குப் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஆள் இருந்ததால் கலை இருந்தது. பெரியவன் செய்வதைச் சிறியவன் பார்த்துக் கற்றான். பிரிட்டனிலோ 1968-இல் பிரிட்டிஷ் இரயில்வேயின் பெரும் பாதைகளில் நீராவி முடிந்தது. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தது. அவ்வளவுதான்! 40 ஆண்டு போதும், 150 ஆண்டில் சேர்த்த அறிவைத் தொலைக்க.

அதுவும் அத்தோடு முடியவில்லை. இஞ்சின் ஓடத் தொடங்கிய இரண்டொரு ஆண்டுக்குள் கொதிகலனில் விரிசல்கள் கண்டன. 2011-இல் அதை மீண்டும் மைனிங்கனுக்கு அனுப்பிச் செப்பனிட்டார்கள். பழைய கொதிகலனில் நெருப்புப் பெட்டி செம்பால் ஆனது. தகடுகள் ஆணி அடித்து இணைக்கப்பட்டவை. புதியது முழுவதும் எஃகு, பற்றவைத்து இணைத்தது. செம்பு சூட்டில் நெளிந்து கொடுக்கும். எஃகு அவ்வளவு கொடுக்காது. வரைபடம் சொல்லாத இத்தகைய நுணுக்கங்கள் ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகின்றன. வரைபடம் அருங்காட்சியகத்தில் இருக்கலாம். அனுபவத்தை எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பது?

பழமை வழிபாடா?

‘இதெல்லாம் பழமை மோகம், பகுத்தறிவுக்கு ஒவ்வாதது’ என்பார் சிலர். நாமும் முதலில் அப்படித்தான் ஐயுற்றோம். பழையது என்பதற்காகவே ஒன்றைத் தலையில் வைத்துக் கூத்தாடுவது நமக்கு உடன்பாடல்ல. ஆனால் இவர்கள் செய்ததைப் பாருங்கள். வரைபடத்தை வேதமாக்கிப் பூசை போடவில்லை. 49 இஞ்சின்களின் குறைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஐந்துக்கு மட்டும் இருந்த உருளைத் தாங்கியை இதற்குக் கொடுத்தார்கள். இன்றைய வண்டிகளுக்குத் தக்க காற்றுப் பிரேக் வைத்தார்கள். முன்பு இருந்த நீர் முகக்கும் கருவி இன்று பயன்படாது. அதை நீக்கி, கரியின் அளவைக் குறைத்து, தண்ணீர்த் தொட்டியை 6,200 காலனாகப் பெருக்கினார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் தானே நிறுத்தும் மின்கருவியையும் பொருத்தினார்கள். பழைய இஞ்சினின் பொம்மையல்ல இது. 49-க்கு அடுத்த 50. எண்ணும் அப்படியே தொடர்கிறது: கடைசி எண் 60162; இது 60163.

2008 ஜூலை 29-ஆம் நாள் அது தன் நீராவியில் தானே நகர்ந்தது. அந்த ஆண்டு லாஃபரோவிலுள்ள பாரம்பரியப் பாதையில் சோதனை ஓட்டம். 2009 ஜனவரி 31-ஆம் நாள், பயணிகளோடு யார்க்கிலிருந்து நியூகாசிலுக்குப் பெரும் பாதையில் முதல் பயணம்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு சம்பவம். 21-ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கே கடும் பனி. அங்கெல்லாம் மின்வண்டிகள் தண்டவாளத்துக்குப் பக்கத்தே ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை. அதன் மேல் பனிக்கட்டி படிந்தால் மின்சாரம் ஏறாது, வண்டி நகராது. அலுவலகம் முடிந்து வீடு திரும்ப வந்தவர்கள் மேடையில் நடுங்கி நின்றார்கள். அந்த வழியே ‘டொர்னாடோ’ ஓர் உல்லாச வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது. இடம் இருந்தது. ‘ஏறுங்கள்’ என்றார்கள். ஏறத்தாழ 100 பேர் காசில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதைக் காட்டி ‘மின்சாரம் தோற்றது, நீராவி வென்றது’ என்று சிலர் எழுதினார்கள். அது அசட்டுப் பேச்சு. நாள்தோறும் பல இலட்சம் பேரைச் சுமப்பது மின்சாரம்தான். ஆனால் ‘பொம்மை’ என்று ஏளனம் செய்யப்பட்ட ஒன்று, பொழுது போகாதார் விளையாட்டு என்று தள்ளப்பட்ட ஒன்று, தேவைப்பட்ட நேரத்தில் கதவைத் திறந்தது. அது மனிதப் பண்பு.

வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைப்பது பத்திரிகை தர்மமல்ல. 2017 ஏப்ரல் 12-ஆம் நாள் விடியுமுன் நடந்த சோதனை ஓட்டத்தில் அது மணிக்கு 100 மைல் தொட்டது. வழக்கமாக அனுமதிக்கப்பட்ட வேகம் 75 மைல். 90 மைலுக்கு அனுமதி பெறவே அந்தச் சோதனை. மறு ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பயணிகளோடு 90 மைல் வேகத்தில் ஓடப் புறப்பட்டது. சாண்டி என்ற இடத்தில் நடு சிலிண்டரின் வால்வு இயக்கப் பாகம் உடைந்து நின்றது! பெருத்த செலவு, பல மாத வேலை. அவர்கள் மூட்டை கட்டவில்லை. மறுபடியும் மக்களிடம் போனார்கள். மறுபடியும் மக்கள் கொடுத்தார்கள்.

தேரில் அமர்ந்தவர் யார்?

நமக்குக் கசந்த ஒன்றிரண்டையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, பெயர். ‘டொர்னாடோ’ என்பது பிரிட்டிஷ் விமானப் படையின் போர் விமானத்தின் பெயர். அந்தப் பெயர் தீர்மானமான நாளில் வளைகுடாப் போரில் அந்த விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அந்த விமானிகளைப் பெருமைப்படுத்தவே அப்பெயர் என்றார்கள். குண்டு போடும் கருவியின் பெயர், குழந்தைகளைக் குதூகலிக்க வைக்கும் இஞ்சினுக்கா? அந்த 23 இஞ்சின்களைக் கட்டிய டார்லிங்டன் தொழிலாளரில் ஒருவர் பெயரை வைத்திருக்கலாகாதா?

மற்றொன்று, விழா. 2009 பிப்ரவரி 19-ஆம் நாள் யார்க் நிலையத்தில் பெயர் சூட்டு விழா. இளவரசர் வந்தார், துணைவியார் வந்தார். திரை விலகிற்று; படம் பிடித்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் யார் படம்? 18 ஆண்டு கை கறுத்தவன் படமா? ஊர் கூடித் தேர் இழுக்கும். உள்ளே அமர்ந்து வருவது வேறொருவர். நமது ஊரில் மட்டும் நடக்கும் கூத்து என்று எண்ணியிருந்தோம். இரும்புத் தேரிலும் அதுதானா? விளம்பரத்தால் நன்கொடை பெருகும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு பலித்தும் இருக்கலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பெரிய கேள்வி: கரி. உலகம் வெப்பத்தால் தவிக்கிறது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. பாரம்பரிய இரயில்களுக்கு நீராவிக் கரி தந்துவந்த வேல்ஸ் சுரங்கமும் 2023-இல் நின்றது. இப்போது கடல் கடந்து கரி வருகிறது. இந்தக் காலத்தில் கரி எரிக்கும் இஞ்சினா? நியாயமான கேள்வி. மின் நிலையம் எரித்ததோடு ஒப்பிட்டால் இது கைப்பிடி அளவு என்பது உண்மை. ஆனால் ‘கொஞ்சம்தானே’ என்பது என்றென்றும் செல்லும் பதிலாகாது. வேறு எரிபொருளைத் தேடியாக வேண்டிய நாள் வரும். பழைய வரைபடத்தைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு அதுவும் முடியாததல்ல.

‘பசித்தவன் இருக்க, இஞ்சினுக்கு 30 இலட்சம் பவுனா?’ என்றும் கேட்பார்கள். நாம் பசித்தவன் பக்கம்தான். ஆனால் பசித்தவன் தட்டிலிருந்து பிடுங்கியதல்ல அந்தப் பணம். உழைப்பவன், உழைத்துக் களைத்த மாலையில் தான் குடிக்கும் ஒரு கோப்பையைத் தியாகம் செய்து தந்தது. உழைப்பவனுக்குச் சோறு மட்டும் போதும், மகிழ்ச்சி வேண்டாம் என்று யார் சட்டம் எழுதியது? மாளிகைக்காரன் குதிரைப் பந்தயத்தில் ஒரு நாளில் தொலைப்பதைக் கேட்காத வாய், தொழிலாளி 18 ஆண்டு சேர்த்ததைக் கேட்பானேன்?

நமது பொன்மலை

இங்கிலாந்துக் கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டிலேயே, 2011 முதல் 2014 வரை, நீலகிரி மலைப்பாதைக்கு எண்ணெயில் எரியும் நான்கு நீராவி இஞ்சின்களைப் புதிதாகச் செய்து தந்தார்கள். 2021-இல் கரியில் ஓடும் ஒன்றையும் செய்தார்கள். முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்த வகை அது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரம் கடித்து மலையேறும் இஞ்சின்! அங்கே தொண்டர் காசு. இங்கே பொதுத்துறைப் பட்டறை. வழி வேறு, பொருள் ஒன்று. பட்டறை திறந்திருந்ததால் கை இருந்தது. கை இருந்ததால் இஞ்சின் வந்தது. டார்லிங்டன் கொதிகலனுக்காகக் கடல் கடந்தது, பொன்மலை கடக்கவில்லை. இதை எத்தனை பேர் அறிவோம்? நமது பிள்ளைகளில் எத்தனை பேர் ஊட்டி இரயிலில் ஏறிச் சிரித்தார்கள். அதைச் செய்தவன் எந்த ஊரான் என்று எத்தனை பேருக்குச் சொன்னோம்?

தொழிற்சாலையை மூடு, வேலையை வெளியே கொடு, பயிற்சிக்கு ஆள் எடுக்காதே என்று கணக்கர்கள் சொல்லும்போதெல்லாம் டார்லிங்டனை நினைவில் வையுங்கள். இன்று மிச்சம் பிடித்ததாகத் தோன்றும் காசு, 40 ஆண்டு கழித்து அயலான் வாசலில் கைகட்டி நிற்கும்போது தெரியும் நட்டம்.

டார்லிங்டனில் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2014-இல் அடுத்த இஞ்சினுக்குச் சட்டம் வெட்டினார்கள், எண் 2007. தெற்கே சஸ்ஸெக்ஸில் புளூபெல் பாரம்பரிய இரயில்வேயின் அன்பர்கள், எஸ்ஸெக்ஸில் ஒரு மரக்கடையில் கிடந்த பழைய கொதிகலனைக் கண்டெடுத்து, அதைச் சுற்றி ‘பீச்சி ஹெட்’ என்ற இஞ்சினை 2000 முதல் கட்டினார்கள். 2024-இல் அது ஓடிற்று. ஏறத்தாழ கால் நூற்றாண்டு! இப்படிப்பட்ட பட்டறைகளில் நரைத்த தலைகளுக்குப் பக்கத்தில் இளந்தலைகளும் தெரிகின்றன. கிழவர் சுத்தியலைக் கொடுக்கிறார், பையன் வாங்குகிறான். 1966-இல் அறுந்த சங்கிலியில் ஒரு கண்ணி மீண்டும் சேர்கிறது.

பெரிய காரியத்துக்குப் பெரிய மனிதர் வேண்டும் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பொய் என்பதற்கு, தண்டவாளத்தின் மேல் நூறு டன்னுக்கு மேல் கனமுள்ள சாட்சி நிற்கிறது. நமது ஊரில் ஒரு படிப்பகம் கூரை ஒழுகி நிற்கலாம். ஒரு நெசவாளர் சங்கத் தறி பழுதாகிக் கிடக்கலாம். ஏரி மதகு செய்யத் தெரிந்த கடைசிக் கொல்லர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ‘யார் வந்து செய்வார்?’ என்று கேட்டது போதும். வாரம் ஒரு தேநீர்க் காசு எடுத்து வையுங்கள். அந்தக் கொல்லரிடம் இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள். அவர் கண் மூடுமுன் அனுப்புங்கள்!